துணி அறையின் தாழ்ப்பாள்

பகல் இரண்டரை மணிக்கு அவள் துணி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். பிறகு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போவாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷத்தின் பங்குனி மாதத்தில் இதை நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்த நாளிலிருந்து எனக்கு இரண்டரை மணி ஆவதற்குள் கை கால் ஓடாது.

நான் பிறக்கும்போதே சந்தேகப் பிராணி இல்லை. அந்தக் குணம் ஆஸ்பத்திரி எனக்குக் கொடுத்தது. திண்டிவனத்தில் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில், நோயாளி எது சொன்னாலும் நம்புவேன். "மருந்து குடிச்சிட்டேன் நர்ஸம்மா" என்று ஒருத்தி சொல்வாள். மறுநாள் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் துளசிச் செடிக்கு, மலேரியாவுக்குக் கொடுத்த கொயினாவை ஊற்றியிருப்பாள். டைபாய்டு பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொள்வோம். பெற்றவள் சேலைத் தலைப்பில் கேப்பைக்களியை முடிந்து கொண்டுவந்து ஊட்டிவிட்டு, சாமி மேல் சத்தியமாகக் கொடுக்கவில்லை என்பாள். இரண்டு வருஷத்தில் நான் எல்லார் வாயையும் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் விரல் விட்டுப் பார்க்கிறவளாகிவிட்டேன். அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் தொற்றிக்கொண்டது. கடைக்காரன், ஜட்காக்காரன், என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டார், யாரையும் விடவில்லை. அவர்கள் என்னைக் கட்டாமல் போனதற்கு நான் கேட்ட கேள்விகள்தான் காரணம் என்று என் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு விழுப்புரத்துக்கு வந்தேன். பெண்களுக்கென்று ஒரு கமிட்டி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடம், இருபது கட்டில். ஒரு லேடி டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. ஸ்டேஷனில் வண்டிகளைப் பிரித்துக் கோக்கிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு நர்ஸில் மூத்தவள் நான். இளையவள் இந்தத் தாழ்ப்பாள்காரி. திண்டிவனத்துப் பெண், அப்பா இல்லை, அம்மா மட்டும். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரே அறையில் இரண்டு பேரும் குடியிருந்தோம்.

அவள் வருவதற்கு முன் அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். நல்ல வேலைக்காரி. ஒரு நாள் காலையில் பெட்பேனைக் கையில் பிடித்தபடி வார்டின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, பத்து நாள் கழித்து அவளை அனுப்பிவிட்டார். அனுப்பும்போது சர்ட்டிபிகேட்டில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை எழுதினார். அதற்கு அர்த்தம் 'நரம்பு பலவீனம்'. அதற்குப் பிறகு அவள் கடலூருக்குப் போனாள், புதுச்சேரிக்குப் போனாள். சர்ட்டிபிகேட்டை வாங்கிப் படிக்கிற வரைக்கும் எல்லாரும் சிரித்த முகமாகப் பேசினார்களாம். கடைசியில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள் என்று கேள்விப்பட்டோம். அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் 'களைப்பாக இருக்கிறது' என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. தலைவலி என்பதற்குக்கூட ஜலதோஷம் என்றுதான் சொல்வோம்.

அந்த வருஷம் தை மாதத்தில் காலரா வந்தது. கோலியனூர்ப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டி மாட்டு வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருபது கட்டிலுக்கு நாற்பத்தைந்து பேர். கட்டிலுக்கு அடியில், வராந்தாவில், சமையல் கொட்டகையில் கூடப் பாய் போட்டோம். மூன்று வாரம். உப்புத் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி என் கைத்தோல் உரிந்தது. எப்போது சாப்பிட்டேன், எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இல்லை. செத்தவர்களின் முகம் ஞாபகம் இருக்கிறது, பிழைத்தவர்களின் முகம் ஒன்றுகூட இல்லை. இது அநியாயம் என்று எனக்கே தெரியும்.

காலரா போன பிறகாவது லீவு கிடைக்கும் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குள் ஏதோ கோணிக்கொண்டது. 'நர்ஸம்மா' என்ற குரல் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊசிகளை எண்ணி வைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி எண்ணுவேன். யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க, தரை கழுவுகிற லைசால் மருந்து பாட்டிலில் கோடு போட்டு வைத்தேன். ஆயா சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்ததும் பேயாகத்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து இவள் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள்.

முதலில் நினைத்தது துணி. யுத்த காலத்தில் துணிக்கு இருந்த கிராக்கியை இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணத்துக்குச் சேலை கிடைக்காமல் தேதியைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. எங்கள் துணி அறையிலோ மூன்று அலமாரி நிறைய விரிப்பு, தலையணை உறை, பிள்ளைத்துணி. இடுப்பில் சுற்றிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும்? இரண்டாவது நினைத்தது கடிதம். யாரோ ஒருத்தன் எழுதுகிறான், இவள் உள்ளே போய்ப் படிக்கிறாள். மூன்றாவது நினைத்தது என்னைப் பற்றி டாக்டரம்மாவுக்கு ஏதோ எழுதிக் கொடுக்கிறாள், என் இடத்துக்கு வரப் பார்க்கிறாள். மூன்றையும் ஒரே சமயத்தில் நம்பினேன். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

தினமும் இரண்டரைக்கு அந்த வாசலில் போய் நிற்பேன். கதவில் காதை வைக்க மாட்டேன், யாராவது பார்த்தால் கேவலம். கையில் ஒரு ட்ரேயை வைத்துக்கொண்டு, ஏதோ வேலையாக நிற்கிற மாதிரி நிற்பேன். உள்ளே ஒரு சத்தமும் வராது. அலமாரி திறக்கும் சத்தம் இல்லை, காகிதம் சரசரக்கவில்லை. சத்தமே இல்லாமல் ஒருத்தி காரியம் செய்கிறாள் என்றால் எவ்வளவு பழகிய கை என்று நினைத்துக்கொண்டேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால், அவர்கள் கதவைத் தட்டி இவளை உஷார்ப்படுத்திவிடப் போகிறார்களே என்று நானே விரட்டிவிடுவேன். ஒரு தடவை ஆயா தலையணை உறை எடுக்க வந்தாள்.

"அப்பறம் எடுத்துக்கலாம் போ."

"குழந்த வாந்தி எடுத்துட்டுது நர்ஸம்மா. ஜல்தியா வேணும்."

"போடின்னா போ!"

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டதும் நான் நகர்ந்துவிடுவேன். அவள் வெளியே வரும்போது கண் கொஞ்சம் சிவந்திருக்கும். முகம் மட்டும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வார்டில் ஒரே வேலையைச் செய்கிறோம். என் முகம் வாடிய கத்தரிக்காய் மாதிரி கிடக்க, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தக் களை?

அவள் அம்மாவைப் பார்க்கத் திண்டிவனம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. இரண்டு சேலை, ஒரு சீப்பு, ஒரு ஜெபமாலை, வேர்க்கடலையை வெல்லத்தில் பிடித்து, காகிதத்தில் சுற்றிய மல்லாட்டை உருண்டை நாலு. அவ்வளவுதான். இருந்ததை இருந்தபடி அடுக்கி மூடினேன். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். எனக்கோ, இவ்வளவு சுத்தமாக ஒரு பெட்டி இருக்க முடியுமா, நான் திறப்பேன் என்று தெரிந்தே காலி செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று பட்டது. அன்று சாயங்காலம் அவள் வந்து அந்த உருண்டையில் இரண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். தின்றுகொண்டே, எதற்காக இப்போது கொடுக்கிறாள் என்று யோசித்தேன்.

சித்திரை பிறந்ததும் துணிக் கணக்கு எடுப்பது வழக்கம். ஆஸ்பத்திரித் துணி ஒவ்வொன்றின் மூலையிலும் அழியாத மையில் முத்திரை குத்தியிருக்கும். விரிப்பு கிழிந்து போனாலும் நாங்களாகத் தள்ளிவிட முடியாது. டாக்டரம்மா கையில் எடுத்துப் பார்த்து, அழியாத நீலப் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். கோடு போட்ட பிறகுதான் அதைக் கிழித்துக் கட்டுத்துணி சுருட்டலாம். அப்படித் தள்ளியவை எத்தனை என்றும் ஒரு நோட்டில் இருக்கும். நான் எண்ணினேன். ஆறு விரிப்பு குறைந்தது. மறுபடி எண்ணினேன். வண்ணாரிடம் போனவற்றைச் சேர்த்து எண்ணினேன். ஆறு குறைவுதான்.

எனக்கு வந்தது சந்தோஷம். அதை வேறு பெயர் சொல்லி மறைக்க மாட்டேன். இத்தனை நாள் பைத்தியக்காரி மாதிரி வாசலில் நின்றது வீண் போகவில்லை என்ற சந்தோஷம்.

வெளி நோயாளிகள் போன பிறகு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கோபக்காரர், ஆனால் அவசரப்பட மாட்டார்.

"நீ கண்ணால பாத்தியா?"

"உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிறதப் பாத்தேங்க. தெனமும்."

"துணி எடுத்ததப் பாத்தியா?"

"கணக்குல ஆறு இல்லீங்க."

அவர் துவாலையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "சரி. நீ சொன்னதா நான் சொல்ல மாட்டேன். கணக்கு எடுத்தவ நீ, அதனால கூட நில்லு. வாயத் தொறக்காத."

அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. ஆறு விரிப்பு காணவில்லை, நீ தினமும் துணி அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாய் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு இருக்கிறது, உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் கையில் இருந்த கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஆறு விரிப்பும் எங்க போச்சு, தெரியுமா தெரியாதா?"

"நான்தாங்க எடுத்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"ஊருக்குக் கொண்டு போய்ட்டேங்க."

டாக்டரம்மாவுக்கே அது எதிர்பாராத பதில். யாரிடம் கொடுத்தாய், யார் கேட்டார்கள் என்று என்னென்னவோ கேட்டார். அவள் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. கடைசியில் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, திருட்டு என்று எழுதினால் ஊர் சிரிக்கும், கமிட்டி என் தலையில்தான் கை வைக்கும், இரண்டு நாளில் நீயாகப் போய்விடு என்றார். 'சொந்தக் காரணத்தால் விலகினாள்' என்று சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். படித்து முடித்தபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் கவனித்தேன். திருடிக்கு இது போதாதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புறப்படும்போது "வர்றேன் அக்கா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளுக்குப் பதிலாக வேறு நர்ஸ் கிடைக்கவில்லை. நானும் ஆயாவும்தான். துணி அறைச் சாவி என் இடுப்புக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, உள் மூலை அலமாரிக்குப் பின்னால் மூட்டைப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க நகர்த்தினேன். பின்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம். பினாயில் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தது. மேலே நாலாக மடித்த பழைய கம்பளி. சுவரில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், சுண்ணாம்பின் மேல் வட்டமாக எண்ணெய்க் கறை.

அவ்வளவுதான் அவள் செய்த காரியம். உள்ளே போய் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருக்கிறாள். பல நாள், ஒரே இடத்தில்.

கறையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது. உள்ளே என்ன செய்கிறாள் என்பதை அவள் ஏன் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை என்பது அப்போது புரிந்தது. களைப்பாக இருந்தது, போய் உட்கார்ந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு வார்த்தை சர்ட்டிபிகேட்டில் ஏறியிருக்கும். எங்கள் தொழிலில் திருட்டுக்காவது மன்னிப்பு உண்டு. நரம்புக்குக் கிடையாது.

ஆனாலும் என் புத்தி விடவில்லை. உட்கார்ந்தாள், சரி. விரிப்பு எங்கே?

அதற்கும் விடை தானாக வந்தது. கோலியனூரிலிருந்து ஒரு கிழவி கால் புண்ணுக்குக் கட்டுப் போட ஒருநாள் விட்டு ஒருநாள் வருவாள். யுத்த காலத்தில் கட்டுத்துணியைக் கழற்றி, வேக வைத்து, காயப்போட்டு, திரும்பச் சுருட்டி வைப்போம். அன்று அவள் காலில் கட்டைப் பிரிக்கிறேன். கணுக்கால் பக்கம் வந்தபோது துணியில் எங்கள் முத்திரை தலைகீழாகத் தெரிந்தது. பக்கத்தில் நீலக் கோடு இல்லை. கோடு போட்ட துணி என்றால் முத்திரைக்குக் குறுக்கேதான் கோடு இருக்கும்.

கிழவியை அப்படியே உட்கார வைத்துவிட்டு, கட்டுத்துணி வைக்கும் தகர டிரம்மைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு சுருளாகப் பிரித்தேன். கோடு இல்லாத முத்திரை இன்னும் ஐந்து. சுருளின் வாலில் எத்தனை விரல் அகலம் என்று பென்சிலால் எழுதி வைப்பது என் வழக்கம். வெந்து வெளுத்தும் அழியாமல் இரண்டு சுருளில் என் கோணல் எழுத்து இருந்தது.

ஆயாவைக் கேட்டேன். அவள் பெருக்குவதை நிறுத்தவே இல்லை.

"காலரா சமயத்துல, உப்புத் தண்ணி ஏத்தின கையில கட்டத் துணி பத்தலன்னு நீங்கதானே நர்ஸம்மா கிழிச்சிங்க. டாக்டரம்மா கோடு போடலியேன்னு கேட்டேன். அடிக்க வந்தீங்க. நான் வெந்நீ எடுக்கப் போய்ட்டேன்."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"என்ன யாரு கேட்டாங்க?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகு தெரியாதது போகட்டும், என் கையே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எவ்வளவு யோசித்தும் அந்த நாள் ஞாபகத்துக்கு வரவில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகித்தவள், ஒரே ஒருத்தியை மட்டும் விட்டுவைத்திருந்தேன்.

உடனே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. ஒன்பது நாள் சொல்லவில்லை. சொன்னால் அந்த இரண்டு வார்த்தை எனக்கு வரும். ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் குடும்பம் சொந்த நிலம் இல்லாத குடும்பம். அறுவடை இல்லாத மாதங்களில் என் சம்பளத்தை நம்பித்தான் உலை வைத்தார்கள். பத்தாம் நாள், சொல்லாமல் இருப்பதும் தூக்கம் தரவில்லை என்று தெரிந்ததும் போய்ச் சொன்னேன். சுருளையும் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தேன்.

டாக்டரம்மா என் எழுத்தைப் பார்த்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிழிச்சது சுத்தமா ஞாபகம் இல்ல?"

"இல்லீங்க."

"இத வேற யார்கிட்டயும் சொல்லாத. இன்னொரு நர்ஸ் கெடைக்கிற வரைக்கும் உன் நரம்பு நல்லாத்தான் இருக்கும்." பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தப் பொண்ணு ஏன் ஒத்துக்கிட்டா? போய்க் கூப்பிட்டுப் பாரு. வந்தா எடுத்துக்கறேன்."

எனக்கு அவள் வந்தே ஆக வேண்டும். பாவ மன்னிப்புக்காக மட்டும் இல்லை. அவள் வராவிட்டால் நான் இன்னும் ஒரு மாதம் தாங்க மாட்டேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரி பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுவார்கள். விக்கிரவாண்டி தாண்டி ஒரு மேட்டில் நின்றுபோய், எல்லாரும் இறங்கித் தள்ளினோம். திண்டிவனத்தில் இறங்கும்போது என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறம்.

அவள் வீடு ஏரிக்கரைப் பக்கம். ஒரு டாக்டரின் சின்ன டிஸ்பென்சரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். முகம் கழுவச் சொன்னாள். அவள் அம்மா கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டேன்.

"அந்த ஆறு விரிப்பையும் கிழிச்சது நான்தான். எனக்கு ஞாபகமே இல்ல."

"தெரியும் அக்கா. இன்னொரு முனைய நான்தானே புடிச்சிக்கினு இருந்தேன்."

கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"நீங்க கத்திரி போட்டு வெட்டி விடுவீங்க, ரெண்டு பேரும் இழுப்போம். ஆறும் அப்படித்தான் கிழிச்சோம். கணக்குல இல்லன்னு டாக்டரம்மா சொல்றாங்க, நீங்க பேசாம நிக்கிறீங்க. அப்பதான் தெரிஞ்சிது, உங்களுக்கு நெனப்பே இல்லன்னு. நான் சொல்லியிருந்தா டாக்டரம்மா உங்களக் கேப்பாங்க. நீங்க இல்லம்பீங்க. அப்பறம் உங்க பேப்பர்ல இன்னா எழுதுவாங்க?"

"அதுக்காக நீ திருடின்னு பேரு வாங்கிக்கணுமா? உனக்கு நான் இன்னா செஞ்சேன்?"

"இன்னா செஞ்சீங்களா?" அவள் சிரித்தாள். "தெனம் வாசல்ல நின்னீங்களே அக்கா. பொட்டிய விட்டு எழுந்து வந்தா கதவுக்கு அடியில உங்க கால் தெரியும். காலரா போனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. படுத்தா அந்தப் பொணமெல்லாம் வரும். அந்தப் பொட்டி மேல உக்காந்தா மட்டும் பத்து நிமிஷம் கண்ணு மூடும். யாராவது கூப்பிடுவாங்களோன்னு மொதல்ல ஒரே பேஜாரா இருந்திச்சி. அப்பறம் பாத்தா நீங்க காவலுக்கு நிக்கிறீங்க. ஆயாவக்கூட வெரட்டுனீங்களே. அதுக்கப்பறம் நிம்மதியாத் தூங்கினேன். எங்கம்மாகிட்ட கேளுங்க, எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்னு."

அவள் அம்மா அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஆமாம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

"டாக்டரம்மா உன்னக் கூப்பிட்டு வரச் சொன்னாங்க" என்றேன்.

"நீங்க இருக்கிறீங்கன்னா வர்றேன் அக்கா. இங்க அப்படி ஆளு இல்ல."

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் மறுநாளே அவள் வந்திருப்பாள், நான் பிழைத்திருப்பேன். வாயில் இருந்த அடையை முழுங்கினேன். அவள் அம்மா எனக்கு இரண்டாவது அடை வைத்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"நான் காவலுக்கு நிக்கல" என்றேன். "நீ திருடறேன்னு நெனச்சி வேவு பாக்க நின்னேன். உன் பெட்டியத் தொறந்து பாத்தேன். டாக்டரம்மாகிட்ட சொன்னதும் வேற யாரும் இல்ல, நான்தான்."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவள் அம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். கோபத்தில் கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா ஒரு நாளுகூடக் கண்ண மூடியிருக்க மாட்டேன் அக்கா" என்றாள்.

பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். வழியில் டிஸ்பென்சரியைக் காட்டினாள், இங்கே கட்டில் கிடையாது, மருந்து கொடுத்து அனுப்புவதோடு சரி என்றாள். விழுப்புரத்துக்கு எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் வரவில்லை.